தொப்பைக்கு எக்சர்சைஸா, லைப்போவா, டம்மி டக்கா? மொதல்ல எந்த அடுக்குல பிரச்சனைன்னு பாருங்க

சின்னவனுக்கே மூணு வயசாச்சு, இன்னும் பஸ்ல ஏறுனா எந்திரிச்சு எடம் குடுக்குறாங்க அக்கா, இதுக்கு லைப்போ பண்ணலாமா, டம்மி டக் பண்ணலாமா, இல்ல ஜிம்முக்கே போயிடட்டுமா? கும்பகோணம், மாயவரம், திருவாரூர், மன்னார்குடின்னு நம்ம பக்கம் எங்க இருந்து மெசேஜ் வந்தாலும் கேள்வி இப்படித்தான் இருக்கு. திருச்சில ஒருத்தர் ஒரு ரேட் சொல்லியிருப்பாரு, சென்னைல இன்னொருத்தர் வேற ரேட், இன்ஸ்டாகிராம்ல ஏதோ கிளினிக் ஆஃபர் போட்டிருக்கும், இது மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக்கிட்டு எது பெஸ்ட்னு கேக்குறாங்க. லைப்போன்னா குழாய் விட்டுக் கொழுப்பை உறிஞ்சி எடுக்குறது, டம்மி டக்னா தொங்குற தோலை வெட்டி எடுத்து தசையை நெருக்கித் தைக்கிறது.

ரேட்டை வச்சு இதை முடிவு பண்ணவே முடியாது. வயிறு முன்னாடி தள்ளிட்டு நிக்கிறதுக்கு அஞ்சு காரணம் இருக்கு, அஞ்சும் வயித்துல வேற வேற அடுக்குல உக்காந்திருக்கு, எந்த ஆபரேஷனை எடுத்தாலும் அது ஒண்ணு ரெண்டு அடுக்கைத்தான் தொடும். உங்க பிரச்சனை இருக்குற அடுக்கை அது தொடலேன்னா எவ்வளவு பெரிய டாக்டர் பண்ணாலும் வயிறு அப்படியே இருக்கும், காசு போயிருக்கும், தழும்பு வந்திருக்கும். நான் பிசியோதெரபிஸ்ட், பிரசவம் முடிஞ்சவங்க, வயித்துல ஆபரேஷன் ஆனவங்கன்னு தினமும் வயித்தைத் தொட்டுப் பாக்குற வேலை, கத்தி புடிக்கிற வேலை இல்ல. பண்ணலாமா வேணாமான்னு கடைசி வார்த்தை சர்ஜன்தான் சொல்லணும். ஆனா அவர் முன்னாடி போய் உக்காரும்போது உங்க வயித்தைப் பத்தி உங்களுக்கே தெரிஞ்சிருக்கணும், அதுக்குத்தான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

## வயித்துல என்னென்ன அடுக்கு இருக்கு

வெளிய இருந்து உள்ள போவோம். மொதல்ல தோல். அதுக்குக் கீழ கொழுப்பு, அதுவே ரெண்டு தட்டு, நடுவுல ஸ்கார்பா ஃபேசியான்னு ஒரு மெல்லிசு சவ்வு இருக்கும். கையால கிள்ளுனா வர்றது இந்தத் தோலும் கொழுப்பும் மட்டும்தான்.

அதுக்கும் கீழ தசை. நடுவுல நெஞ்செலும்புல இருந்து அடிவயித்து எலும்பு வரைக்கும் ரெண்டு பட்டையா நேரா இறங்குற ரெக்டஸ் தசை, சிக்ஸ் பேக்னு சொல்றோமே அது. ரெண்டு பக்கமும் குறுக்கும் சாய்வுமா மூணு மூணு தசை. அந்தப் பக்கத் தசை எல்லாம் முன்னாடி வர வர வெள்ளையா கெட்டியான உறையா மாறி ரெக்டஸ் பட்டையைச் சுத்திக்கிட்டு, நட்ட நடுவுல ஒண்ணா சேரும், அந்தச் சேர்ற கோடுதான் லினியா ஆல்பா. பிள்ளை வளர வளர இந்தக் கோடுதான் அகலமா இழுபடுது, பிரசவம் ஆனப்புறம் சில பேருக்கு அது பழையபடி சேராமலே நின்னுடும், இதைத்தான் தசை விலகல்னு சொல்றோம். தொப்புளுக்கும் அடிவயித்து எலும்புக்கும் பாதி வழில இன்னொரு விஷயம் இருக்கு, அதுக்குக் கீழ ரெக்டஸ் தசையோட பின்பக்கம் அந்தக் கெட்டி உறை கிடையாது, எல்லாம் முன்பக்கமா வந்துடும், பின்னாடி மெல்லிசு சவ்வு மட்டும்தான்.

தசைக்கும் உள்ள குடல், குடலைச் சுத்திக் கொழுப்பு. இந்த உள்கொழுப்பு எந்தக் குழாய்க்கும் எந்தக் கத்திக்கும் அகப்படாது, சாப்பாடும் நடையும் தூக்கமும்தான் அதைக் குறைக்கும். நம்ம ஆளுங்களுக்கு கை கால் ஒல்லியா இருந்தாலும் உள்கொழுப்பு சேர்ற உடல்வாகு, அதனாலதான் நமக்கு இடுப்புச் சுத்தளவு பொம்பளைங்களுக்கு 80 செ.மீ., ஆம்பளைங்களுக்கு 90 செ.மீ. தாண்டுனாலே கவனிங்கன்னு சொல்றாங்க.

ஆக அஞ்சு காரணம்: தொங்குற தோல், மேல்கொழுப்பு, தசை விலகல், குடலிறக்கம் (தசைச் சுவர்ல ஓட்டை விழுந்து உள்ள இருக்குறது வெளிய தள்ளுறது, ஹெர்னியா), உள்கொழுப்பு. பெரும்பாலும் ரெண்டு மூணு சேர்ந்தே இருக்கும்.

## வீட்லயே பாத்துக்குறது எப்படி

பாயை விரிச்சு மல்லாந்து படுங்க, முட்டியை மடக்கிக்கங்க. ஒரு கை விரல் ரெண்டை தொப்புளுக்கு மேல நெட்டுக்குத்தா இல்லாம குறுக்கா அகலம் அளக்குற மாதிரி வைங்க, இப்ப தலையை மட்டும் லேசாத் தூக்குங்க, நாடி நெஞ்சைப் பாத்து வரணும். ரெண்டு பக்கமும் தசை விறைச்சு விரலை வந்து நெருக்கும். ரெண்டு விரலுக்கு மேல எடம் இருந்தா, இல்ல நடுவுல கூரை முகடு மாதிரி மேடா எந்திரிச்சா, தசை விலகல் இருக்கு. தொப்புளுக்கு மேலயும் கீழயும் அதே மாதிரி பாருங்க. பொதுவா 2 செ.மீ.க்கு மேல போனா விலகல்னு எடுத்துக்குவாங்க.

அப்புறம் எந்திரிச்சு நின்னு முன்னாடி குனியுங்க. தோல் மடிப்பா பை மாதிரி தொங்குச்சுன்னா தோல் தளர்ச்சி. படுத்தாக்கூட வயிறு அமுங்காம உருண்டையா கெட்டியா நின்னு, கிள்ளுனா கொஞ்சம்தான் கைக்கு வருதுன்னா அது உள்கொழுப்பு. இருமும்போது தொப்புள்லயோ பழைய தழும்புலயோ ஒரு எடத்துல மட்டும் புடைச்சு, அமுக்குனா உள்ள போகுதுன்னா குடலிறக்கமா இருக்கலாம், அதுக்கு ஸ்கேன் பாத்தே ஆகணும்.

## எதையெல்லாம் வச்சு முடிவு பண்றது

அடுக்குதான் மொதல் அளவுகோல், சொல்லிட்டேன். மத்ததும் லேசு இல்ல.

இன்னும் பிள்ளை பெத்துக்கப் போறீங்களா? ஆமான்னா தசையைத் தைக்கிற எந்த ஆபரேஷனும் இப்ப வேணாம். அதுக்கப்புறம் கர்ப்பம் ஆனா பிள்ளைக்கு ஆபத்துன்னு இல்ல, ஆனா தச்சது மறுபடி இழுபடும், தோலும் இழுபடும், செலவழிச்சதெல்லாம் போயிடும்.

எடை நிலையா இருக்கா? கொறஞ்சது ஆறு மாசமாவது ஏறி இறங்காம இருக்கணும்.

வயித்துல பழைய தழும்பு என்னென்ன இருக்கு? இதைத்தான் யாருமே கேக்குறது இல்ல, இதுதான் ஆபரேஷனையே மாத்தக்கூடிய விஷயம், கீழ தனியா எழுதுறேன்.

சுகர், பிரஷர், ரத்தசோகை, புகையிலை. சுகர் கட்டுப்பாட்டுல இல்லேன்னா காயம் ஆறாது. பீடி சிகரெட்டை நிறுத்தணும்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா வெத்தலையோட புகையிலை போடுற பழக்கத்தை நம்ம பக்கம் பொம்பளைங்க டாக்டர்கிட்ட சொல்றதே இல்ல. ரெண்டுலயும் நிக்கோடின்தான், அது சின்ன ரத்தக்குழாயை எல்லாம் சுருக்கி வெட்டுன தோலுக்கு ரத்தம் போகவிடாது. ஆபரேஷனுக்கு முன்னாடி நாலு வாரமாவது, பின்னாடியும் நாலு வாரமாவது சுத்தமா நிறுத்தணும்.

கடைசியா, பாத்துக்க ஆள் இருக்கா? ஆறு வாரம் தண்ணிக்குடம், அரிசி மூட்டை, கைப்புள்ளை எதையும் தூக்கக்கூடாது. மாமியாரோ அம்மாவோ கூட இல்லாம இதுல இறங்கவே கூடாது.

## எக்சர்சைஸும் எடைக் குறைப்பும்

பிரசவம் ஆகி ஆறு மாசம், எட்டு மாசம்தான் ஆச்சுன்னா வேற எதையும் யோசிக்காதீங்க, ஒரு வருஷமாவது உடம்புக்கு டைம் குடுங்க. இழுபட்ட தசை மொத ரெண்டு மாசத்துல தானாவே நல்லா நெருங்கி வரும், அப்புறமும் மெதுவா ஓரளவு வரும். அந்த நேரத்துல உதவுறது உள்ள குறுக்கால சுத்தியிருக்குற டிரான்ஸ்வெர்சஸ் தசைக்கான மூச்சுப் பயிற்சி: மூச்சை வெளிய விட்டுக்கிட்டே தொப்புளை முதுகுப் பக்கம் மெல்ல இழுத்துப் பிடிக்கிறது, அதோட அடி இடுப்புத் தசையையும் சேர்த்து மேல இழுக்குறது. யூடியூப்பைப் பாத்துட்டு எடுத்த எடுப்புல சிட்டப் போடுறாங்க பாருங்க, விலகல் இருக்கும்போது நடுவுல முகடு மாதிரி எந்திரிக்குதுன்னா அந்தப் பயிற்சி இப்ப உங்களுக்கு இல்ல.

நம்ம வீட்ல பழைய காட்டன் புடவையால வயிறு கட்டுவாங்க. முதுகுக்கும் வயித்துக்கும் ஒரு தாங்கல் கிடைக்கும், எந்திரிச்சு நடக்க தெம்பா இருக்கும், அந்த வரைக்கும் நல்லது. அது தசையை ஒட்டவைக்காது. மூச்சு முட்டக் கட்டுனா அழுத்தம் கீழ போய் கர்ப்பப்பைப் பக்கம் இறங்கும், அதனால இறுக்கி மட்டும் கட்டாதீங்க.

எக்சர்சைஸால ஆகாதது என்னன்னா தோல். கிழிஞ்ச மாதிரி கோடு விழுந்து தொங்குற தோலை எந்தப் பயிற்சியும், எந்த எண்ணெயும் உள்ள இழுக்காது. ரொம்ப அகலமான விலகல் முழுசா மூடவும் மூடாது, ஆனா முதுகுவலி, சிறுநீர் கசியுறது இதெல்லாம் பயிற்சியால நல்லாக் குறையும், நான் தினம் பாக்குறேன். மறைமுகச் செலவுன்னா நேரம்தான், மாசக்கணக்குல விடாம பண்ணணும், நடவுக்குப் போயிட்டு வந்து சமைச்சுட்டு இதுக்கு இருபது நிமிஷம் ஒதுக்குறது எவ்வளவு கஷ்டம்னு எனக்கு நல்லாத் தெரியும்.

ஆம்பளைங்களுக்கு இங்கயே ஒண்ணு சொல்லிடுறேன். பானை மாதிரி கெட்டியான தொப்பை, கிள்ளுனா வரலேன்னா உங்களுக்கு ஆபரேஷனே கிடையாது. அது உள்கொழுப்பு. சுகர், கொலஸ்ட்ரால், ஈரல் கொழுப்பு மூணையும் டெஸ்ட் பண்ணிட்டு சோத்தைக் குறைச்சு நடக்க ஆரம்பிங்க.

## லைப்போசக்சன்

மூணு நாலு மில்லிமீட்டர் ஓட்டை வழியா மொதல்ல உப்புத்தண்ணி, மரத்துப்போற மருந்து, ரத்தக்குழாயைச் சுருக்குற அட்ரினலின் எல்லாம் கலந்து ஏத்தி, அப்புறம் குழாய் விட்டு மேல்கொழுப்பை உறிஞ்சி எடுக்குறது. தோலையும் தொடாது, தசையையும் தொடாது.

இது யாருக்குன்னா, தோல் நல்லா விறைப்பா இருக்கணும், தசை விலகல் இருக்கக்கூடாது, எடை ஏறக்குறைய சரியா இருந்து ஒரு எடத்துல மட்டும் கொழுப்பு தங்கியிருக்கணும். கல்யாணம் ஆகாத பிள்ளைங்க, ஒரு பிள்ளை பெத்து தோல் கெடாம இருக்கவங்க, இடுப்புப் பக்கம் மட்டும் சதை இருக்கவங்க, இவங்களுக்கு இதுதான் நல்ல சாய்ஸ், தழும்பு பெருசாத் தெரியாது.

ரெண்டு மூணு பிள்ளை பெத்து தோல் ஏற்கனவே தளர்ந்தவங்க போய் இதைப் பண்ணா உள்ள இருந்த கொழுப்பு போயிடும், தோல் இன்னும் சுருங்கித் தொங்கும். அப்புறம் அழுதுக்கிட்டே டம்மி டக்குக்குப் போறாங்க, ரெண்டு தடவை மயக்க மருந்து, ரெண்டு தடவை செலவு. இந்தச் செலவை ஆரம்பத்துலயே எந்த ஆஃபர்லயும் எழுதியிருக்க மாட்டாங்க.

இன்னொண்ணு ரொம்ப முக்கியம். தெரியாத குடலிறக்கம் இருக்கும்போது குழாய் விட்டா அது குடல்லயே குத்திடலாம். அரிதுதான், ஆனா நடந்தா உயிர்ப் பிரச்சனை. வயித்துல எந்தத் தழும்பு இருந்தாலும் அல்ட்ராசவுண்ட் பாக்காம லைப்போ டேபிள்ல படுக்காதீங்க. ஒரே தடவைல 5 லிட்டர் தாண்டுனா அது பெரிய ஆபரேஷன் கணக்கு, ராத்திரி ஆஸ்பத்திரில வச்சுப் பாக்கணும், "காலைல வந்து சாயங்காலம் போயிடலாம்"னு சொல்ற எடத்துல அவ்வளவு எடுக்கவிடாதீங்க. கொழுப்பை உறைய வைக்கிற மெஷின் இருக்குல்ல, அதுவும் இந்தக் கணக்குலதான் வரும், எடுக்குற அளவு இன்னும் கம்மி, தோலுக்கும் தசைக்கும் அதுலயும் ஒண்ணும் நடக்காது.

## மினி டம்மி டக்

தொப்புளுக்குக் கீழ மட்டும் தோல் கொஞ்சம் தளர்ந்து, மேல் வயிறு நல்லா இருக்கவங்களுக்கு. வெட்டு சின்னது, சிசேரியன் தழும்பை விட கொஞ்சம் நீளம், தொப்புளைத் தொட மாட்டாங்க, சீக்கிரம் எந்திரிச்சுடலாம். ஆனா இதுக்குப் பொருந்துற வயிறு கம்மி. விலகல் தொப்புளுக்கு மேலயும் இருந்து மினி பண்ணுனீங்கன்னா கீழ தட்டையாகி மேல துருத்திக்கிட்டு நிக்கும். ரேட் கம்மின்னு மட்டும் இதுக்குப் போகாதீங்க.

## ஃபுல் டம்மி டக்

தோல், மேல்கொழுப்பு, தசை விலகல் மூணும் ஒண்ணா இருந்தா, மூணையும் ஒரே நேரத்துல சரிபண்றது இது ஒண்ணுதான். அதே சமயம் இந்த லிஸ்ட்லயே பெரிய ஆபரேஷனும் இதுதான்.

அடிவயித்துல இந்த இடுப்பெலும்புல இருந்து அந்த இடுப்பெலும்பு வரைக்கும் வெட்டுவாங்க. தோலையும் கொழுப்பையும் சேர்த்து தசை உறை மேல இருந்து பிரிச்சு நெஞ்செலும்பு வரைக்கும் தூக்குவாங்க, தொப்புள் மட்டும் காம்போட கீழயே இருக்கும். அப்புறம் விலகின தசையோட முன்பக்க உறையை மேல இருந்து கீழ வரைக்கும் தச்சு நெருக்குவாங்க. நான் மேல சொன்னேன்ல, பாதி வழிக்குக் கீழ பின்பக்க உறை இல்லேன்னு, முன்பக்க உறை மட்டும் முழு நீளத்துக்கும் இருக்கு, அதனாலதான் தையல் அதுல. அடுத்து தோலைக் கீழ இழுத்து, மிச்சத்தை வெட்டி எடுத்துட்டு, தொப்புளுக்குப் புதுசா ஒரு ஓட்டை போட்டு வெளிய எடுத்துத் தைப்பாங்க. தொப்புளுக்குக் கீழ இருந்த பிரசவக் கோடு பெரும்பாலும் வெட்டுன தோலோட போயிடும், மேல இருந்தது கீழ இறங்கி வந்து நிக்கும்.

ரத்தம் எந்த வழியா வருதுங்குறதுதான் விஷயமே. 1979ல ஹியூஜர்ங்குற சர்ஜன் வயித்துத் தோலுக்கு ரத்தம் வர்ற வழியை மூணு மண்டலமாப் பிரிச்சாரு. நடு வயித்துக்கு ரெக்டஸ் தசையைத் துளைச்சுக்கிட்டு வர்ற குழாய், அடிவயித்துக்கு தொடை இடுக்குல இருந்து ஏறி வர்ற குழாய், விலாப் பக்கத்துக்கு விலா இடுக்குலயும் முதுகுப் பக்கத்துலயும் இருந்து வர்ற குழாய். டம்மி டக்ல மொத ரெண்டும் பெரும்பாலும் அறுந்துடும். தூக்கின தோல் முழுக்க அந்த மூணாவது வழியை நம்பித்தான் பொழைக்கணும். அதுலயும் நட்ட நடுவுல, தையல் கோட்டுக்குப் பக்கத்துல இருக்குற தோல்தான் கடைமடை. மேட்டூர்ல எவ்வளவு தண்ணி தெறந்தாலும் நடுவுல வாய்க்காலை அடைச்சுட்டா கடைமடைக்கு என்ன கதின்னு நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல.

அந்த அடைப்புதான் பழைய தழும்பு. வலங்கைமான் பக்கத்துல இருந்து ஒரு அம்மா வந்தாங்க, அம்பது வயசு இருக்கும், ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி பித்தப்பை கல்லுக்கு தெறந்து ஆபரேஷன் பண்ணது, வலது விலாவுக்குக் கீழ சாய்வா ஒரு ஜாண் நீளத்துக்குத் தழும்பு. ரவிக்கைக்குக் கீழ புடவை மறைச்சுடும்ங்கறதால அவங்க மொதல்ல பாத்த கிளினிக்ல அதைக் காட்டவே இல்ல, கிளினிக்காரங்களும் கேக்கல, தேதி வரைக்கும் குடுத்துட்டாங்க. என்கிட்ட மூச்சுப் பயிற்சிக்குப் படுக்கும்போதுதான் பாத்தேன். ரெண்டாவதா போன சர்ஜன் நிக்க வச்சு, படுக்க வச்சு, அந்தத் தழும்பை விரலால ஓட்டிப் பாத்துட்டு, விலாப் பக்கத்துல இருந்து வர்ற ரத்தத்தை இது மறிக்குதும்மா, முழுசா தூக்குனா இந்தத் தழும்புக்குக் கீழ தோல் செத்துப்போகலாம், கொஞ்சமாத் தூக்கி வேற மாதிரி பண்ணலாம், இல்ல விட்டுடலாம்னு சொல்லியிருக்காரு. அவங்க விட்டுட்டாங்க.

மத்த தழும்பையும் சொல்லிடுறேன். குறுக்கால போட்ட சிசேரியன் தழும்பு பிரச்சனை இல்ல, பெரும்பாலும் புது வெட்டுலயே அது போயிடும். கர்ப்பப்பை எடுத்த நெட்டுக்குத்துத் தழும்பு நடுவுல இருந்தா கவனமா பிளான் பண்ணணும், அதுல குடலிறக்கமும் ஒளிஞ்சிருக்கலாம். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் தழும்பு நம்ம பக்கம் பாதிப் பேருக்குத் தொப்புளுக்குக் கீழயே சின்னதா இருக்கும், இவ்வளவூண்டு தழும்பை எதுக்குச் சொல்லணும்னு விட்டுடாதீங்க. டம்மி டக்ல தொப்புள் அந்தக் காம்புல வர்ற ரத்தத்தை வச்சுத்தான் உயிரோட இருக்கும். முன்னாடியே தொப்புள் குடலிறக்கத்துக்கு அந்தக் காம்பை அறுத்துத் தச்சிருந்தா தொப்புளே கறுத்துப் போக வாய்ப்பு இருக்கு.

நரம்பும் அப்படித்தான். அடிவயித்துல தொப்புளுக்குக் கீழ மாசக்கணக்குல மரத்துப்போய் இருக்கும், சிலருக்குக் கொஞ்சம் நிரந்தரமாவே. இடுப்பெலும்புப் பக்கத்துல தொடைக்குப் போற ஒரு நரம்பு இருக்கு, அது மாட்டுனா தொடை வெளிப்பக்கம் எரியும், மரக்கும். மரத்த எடத்துல வெந்நீர் ஒத்தடம், ஹாட் பேக் வைக்கவே கூடாது, கொப்புளம் வர்றதுகூடத் தெரியாது.

இன்னொரு எச்சரிக்கை உள்கொழுப்புக்காரங்களுக்கு. உள்ள கொழுப்பு நெறைய இருக்கும்போது தசையை இறுக்கித் தச்சா உள்ள எடம் பத்தாது, மூச்சு விடக் கஷ்டமாகும், தையலும் இளகும். அதனாலதான் நல்ல சர்ஜன் மொதல்ல எடையைக் குறைச்சுட்டு வாங்கன்னு திருப்பி அனுப்புவாரு, அவரைத் திட்டிட்டு உடனே தேதி குடுக்குற எடத்துக்குப் போகாதீங்க.

சொல்லாத செலவு. டிரெய்ன் டியூப் ரெண்டு இடுப்புல தொங்கும், அதுல சேர்ற தண்ணியை தினம் அளந்து எழுதணும், அது குறைஞ்சாத்தான் எடுப்பாங்க. எடுத்தப்புறமும் உள்ள நீர் கோத்துக்கிட்டா ஊசி வச்சு உறிஞ்ச மறுபடி மறுபடி போகணும். ஸ்கார்பா சவ்வை விட்டுவச்சுப் பண்ணா இந்த நீர் கோக்குறது குறையும், இதைப் பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க. பட்டுக்கோட்டைல இருந்து திருச்சிக்கோ சென்னைக்கோ ஒவ்வொரு தடவையும் கார் வச்சுப் போற செலவைக் கூட்டிப் பாருங்க. ரெண்டு செட் கம்ப்ரெஷன் பெல்ட், ஆறு எட்டு வாரத்துக்கு. தழும்பு ஓரத்துல தோல் குவிஞ்சு நின்னா அதுக்கு ஒரு சின்ன ஆபரேஷன். நம்ம தோலுக்குத் தழும்பு கறுத்துத் தடிச்சு வர்ற சுபாவம் உண்டு, அடங்க ஒரு வருஷம் ஆகும். அழகுக்காகப் பண்றதுன்னா இன்சூரன்ஸ் வராது, ஜிஎஸ்டி விலக்கும் கிடையாது, கொட்டேஷன்ல அது சேர்த்தா சேர்க்காமலான்னு கேளுங்க.

வீட்ல பாய் ஆகாது, கட்டில்லயும் நேரா நீட்டிப் படுக்க முடியாது, மொத ஒண்ணு ரெண்டு வாரம் இடுப்பை மடக்கியேதான் படுக்கணும், குனிஞ்சேதான் நடக்கணும். தாத்தாவோட சாய்வு நாற்காலி வீட்ல கிடந்தா துடைச்சு எடுத்து வைங்க, அதுக்கு மேல வசதியான எடம் கிடையாது. குத்துக்கால் போடுற டாய்லெட் முடியாது, வெஸ்டர்ன் வேணும்.

எப்ப பண்றதுன்னும் யோசிக்கணும். சித்திரை வைகாசி வெயில்ல அந்த பெல்ட்டைப் போட்டுட்டு இருக்க முடியாது, வேர்த்து வேர்த்துத் தையல் ஓரம் புண்ணாகும். ஐப்பசி கார்த்திகைல வேதாரண்யம், நாகை பக்கம் மழை புயல்னு ரோடு அடைஞ்சா செக்கப்புக்குப் போக முடியாது. வயல் வேலை இருக்கவங்க சம்பா அறுப்பு முடிஞ்சு தை கடைசி, மாசில வச்சுக்கிட்டா வெயில் ஏறுறதுக்குள்ள கஷ்டமான நாள் முடிஞ்சிடும், குறுவை நடவுக்குள்ள குனிஞ்சு நிமிரவும் வந்துடும்.

## குடலிறக்கம் இருந்தா

தசை விலகல்ல நடுக்கோடு அகலமாயிருக்கும், ஓட்டை இருக்காது, அதனால குடல் மாட்டிக்குற ஆபத்து இல்ல. குடலிறக்கத்துல ஓட்டையே இருக்கு. இது அழகுக் கணக்குல வராது, ட்ரீட்மெண்ட். தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ், திருவாரூர் மெடிக்கல் காலேஜ் மாதிரி அரசு ஆஸ்பத்திரி சர்ஜரி ஓபில காசில்லாமப் பாக்கலாம், பல இன்சூரன்ஸ்லயும் ரெண்டு வருஷ வெயிட்டிங் முடிஞ்சா வரும்.

ஆனா குடலிறக்கத்தை மட்டும் வலை வச்சு மூடுனா தொங்குற தோல் அப்படியேதான் இருக்கும், ஆபரேஷன் பண்ணியும் வயிறு குறையலையேன்னு கேட்டா அது அந்த ஆபரேஷனோட வேலையே இல்ல. ரெண்டையும் சேர்த்துப் பண்ணலாமான்னா, பண்ணலாம், ஒரே மயக்கம், ஒரே ஓய்வு. அதுல சிக்கல் ரெண்டு: தோல் ஆறாமப் போனா வலையில கிருமி தொத்தலாம், இன்சூரன்ஸ் குடலிறக்கப் பங்கை மட்டும்தான் குடுக்கும். சுகர் இருக்கவங்க, ரொம்ப குண்டா இருக்கவங்க மொதல்ல குடலிறக்கத்தை முடிச்சுட்டு மத்ததை அப்புறம் பாக்குறதுதான் எனக்குச் சரியாப் படுது. புடைப்பு உள்ள போகாம கல்லாட்டம் ஆகி, வலியும் வாந்தியும் சேர்ந்துச்சுன்னா அன்னிக்கே எமர்ஜென்சி.

## ஒரே பார்வைல

| | எக்சர்சைஸ், எடைக் குறைப்பு | லைப்போ | மினி டக் | ஃபுல் டக் | குடலிறக்க ஆபரேஷன் |
|---|---|---|---|---|---|
| தொங்குற தோல் | ஆகாது | ஆகாது, கூடலாம் | தொப்புளுக்குக் கீழ மட்டும் | ஆகும் | ஆகாது |
| மேல்கொழுப்பு | குறையும் | ஆகும் | கொஞ்சம் | ஆகும் | ஆகாது |
| தசை விலகல் | ஓரளவு | ஆகாது | கீழ மட்டும் | ஆகும் | சேர்த்துத் தச்சா மட்டும் |
| உள்கொழுப்பு | ஆகும் | ஆகாது | ஆகாது | ஆகாது | ஆகாது |
| தழும்பு | இல்ல | புள்ளி புள்ளியா | சிசேரியனை விட நீளம் | இடுப்புக்கு இடுப்பு | எடத்தைப் பொறுத்து |
| இன்னும் பிள்ளை வேணும்னா | தாராளமா | முடிஞ்சா தள்ளிப்போடுங்க | வேணாம் | வேணாம் | டாக்டர் சொல்றபடி |
| பாரம் தூக்காம | தேவையில்ல | ரெண்டு மூணு வாரம் | நாலு வாரம் பக்கம் | ஆறு வாரம் | நாலுல இருந்து ஆறு வாரம் |

ரொம்ப எடை குறைச்சு, மடிப்பு தொங்கி, அதுக்குள்ள வேர்த்துப் படையும் புண்ணுமா அவதிப்படுறவங்க இந்த டேபிள்ல சரியா அடங்க மாட்டாங்க. அவங்களுக்குத் தசையைத் தொடாம தொங்குற தோலை மட்டும் எடுக்குற ஆபரேஷன் ஒண்ணு தனியா இருக்கு, அதையும் கேட்டுப் பாருங்க.

## டாக்டரைப் பாக்கும்போது

பொது சர்ஜரி முடிச்சு பிளாஸ்டிக் சர்ஜரில எம்சிஎச் இல்ல டிஎன்பி வாங்கினவரான்னு பாருங்க, மயக்க டாக்டர் யாரு, அவசரம்னா ஐசியு அந்தக் கட்டடத்துலயே இருக்கான்னு கேளுங்க. படுக்க வச்சு, நிக்க வச்சு, குனிய வச்சு தொட்டுப் பாக்காம போட்டோவை வாட்ஸ்ஆப்ல வாங்கிட்டு ரேட் சொல்ற எடம் எதுவா இருந்தாலும் வேணாம். கருத்தடை மாத்திரை, ஆஸ்பிரின், நாட்டு மருந்து எது சாப்பிட்டாலும் சொல்லுங்க.

ரத்தக்கட்டைப் பத்திக் கட்டாயம் கேளுங்க. அழகு ஆபரேஷன்கள்லயே கால் ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சு நுரையீரலுக்கு ஏறுற ஆபத்து டம்மி டக்ல அதிகம். அன்னிக்குச் சாயங்காலமோ மறுநாளோ எந்திரிச்சு நடக்க வைப்பாங்க, வலிக்குதுன்னு மறுக்காதீங்க. டிஸ்சார்ஜ் ஆன உடனே மணிக்கணக்கா கார்ல உக்காந்து ஊருக்கு வராம ரெண்டு நாள் அங்கயே தங்கி வாங்க, வரும்போதும் நடுவுல எறங்கி நடங்க. ஒரு கால் மட்டும் வீங்குனாலோ, கெண்டைக்கால் வலிச்சாலோ, திடீர்னு மூச்சு வாங்குனாலோ ஆபரேஷன் பண்ண டாக்டருக்கு போன் போட்டுக் காத்திருக்காம பக்கத்துல இருக்குற பெரிய ஆஸ்பத்திரிக்கு 108ல போயிடுங்க.

சிசேரியன் பண்ணும்போதே வயித்தையும் சேர்த்துத் தச்சுடச் சொல்லலாமான்னு நெறைய பேர் கேக்குறீங்க. வேணாம். அப்ப கர்ப்பப்பை பெருசா இருக்கும், தோலும் தசையும் இழுபட்டபடியே இருக்கும், எவ்வளவு தானா சுருங்கும்னு யாருக்கும் தெரியாது, ரத்தம் உறையுற ஆபத்தும் அந்த நேரத்துலதான் அதிகம். பால் குடி மறந்து, எடை ஒரு நிலைக்கு வந்து, மேல சொன்ன படுத்துப் பாக்குற டெஸ்ட்டை அப்ப ஒரு தடவை பண்ணிட்டு வாங்க, பேசுவோம்.